எட்டாவது ரிப்போர்ட்

லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவரே படியேறிப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "அவரே நம்பி ஏறல, நாம எப்படி ஏறுறது?" என்று அந்தப் பதினாலு மாடிக் கட்டிடத்தில் ஒரு பேச்சு உண்டு. லிஃப்ட்காரர் சிரித்துக்கொள்வாரே தவிர, காரணம் சொல்ல மாட்டார். வெளியே சொல்லிக்கொள்கிற காரணமா அது? இருபது வருஷம் குடித்தவர். வேலை முடிகிற ஐந்து மணிக்குச் சரியாக நாக்கு நமநமக்கத் தொடங்கிவிடும். கால்கள் கடைப்பக்கம் திரும்பாமல் இருக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி, அவற்றைப் படியில் ஏற்றுவதுதான். ஒரு பையில் பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, மூன்று முறை மேலே, மூன்று முறை கீழே. வீடு வந்து சேரும்போது குடிக்க ஆசையும் இருக்காது, தெம்பும் இருக்காது.

வீட்டில் அவர் பேச்சுக்கு மதிப்பில்லை. அதற்காக அவர் மனைவியைக் குறை சொன்னால் வாய் வெந்துபோகும். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பதை அந்த அம்மாள் பழமொழியாகக் கேட்டவளில்லை, இருபது வருஷம் குடித்தனம் நடத்திப் பார்த்தவள். அவர் செய்த சத்தியம் எதுவும் மூன்று நாளைத் தாண்டியதில்லை. மகள் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கணவன் வீட்டுக்கே போனவள், அப்புறம் இந்த வாசலை மிதிக்கவேயில்லை.

அவர் குடியை விட்டுவிட்டார் என்று அம்மா ஃபோனில் சொன்னபோது மகள் ஒரு கணக்குப் போட்டாள். "அவர் வாயை நம்ப மாட்டேன். ரத்தம் பொய் சொல்லாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஈரலுக்கு டெஸ்ட் எடுக்கட்டும். எட்டு ரிப்போர்ட் சுத்தமா வந்தா, நான் வர்றேன்." நடுவில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாத்தா ஃபோட்டோவில் மட்டும் பார்த்தார். ரிப்போர்ட் உறையை அவர் தொடக்கூடாது, மனைவிதான் பிரிப்பாள் என்பது வீட்டுச் சட்டம். திரைச்சீலை தைக்கிற அவளுடைய மெஷின் இழுப்பறையில் ஏழு ரிப்போர்ட்டுகள் சேர்ந்திருந்தன. ஏழும் சுத்தம்.

எட்டாவதுக்கு முந்தின நாள் லிஃப்ட்காரருக்குப் பயம் வந்துவிட்டது. பழைய விஷம் உடம்பில் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால்? வேர்வையாக வெளியேற்றிவிடலாம் என்று இரண்டு பைகளை மாட்டிக்கொண்டு எட்டு முறை ஏறி இறங்கினார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எண் நூற்று நாற்பத்தெட்டு என்று வந்தது.

"நான் தொடல" என்றார்.

"சரி" என்றாள் மனைவி. கத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தச் 'சரி'யை அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய நாட்களில் வாசலில் தள்ளாடி நிற்கும்போது கதவைத் திறந்துவிட்டு அவள் சொல்கிற அதே 'சரி'. பிறகு அவள் அடுப்படிக்குப் போய், "இப்ப வர வேண்டாம்மா" என்று ஃபோனில் சொல்வது கேட்டது. பனைமரத்தடியில் நின்று பால் குடித்தவன் கதை அவருடையது. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

மறுநாளிலிருந்து இன்னும் மூர்க்கமாக ஏறினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். ஒரு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கப் போனவர், நாற்காலியில் உட்காரவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முனகினார். ரத்தம் எடுக்கிற பெண் ஊசியைக் கீழே வைத்தாள்.

"எங்கயாவது விழுந்துட்டீங்களாண்ணா?"

"இல்லம்மா. படி ஏறினேன்."

"எத்தனை மாடி?"

அவர் சொன்ன கணக்கைக் கேட்டு அவள் முகம் மாறியது. "ரிப்போர்ட் எப்படி வந்தாலும் டாக்டர்கிட்ட இதை மறக்காம சொல்லுங்க" என்றாள்.

ரிப்போர்ட் முந்நூற்றுப் பத்து என்று வந்தது. மனைவி கூடவே டாக்டரிடம் போனாள். அவர் வாயை நம்பாமல்தான். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தசைக்கென்று இன்னொரு டெஸ்ட் எழுதினார். அது ஆயிரக்கணக்கில் வந்தது.

"இந்த டெஸ்ட் காட்டுற பொருள் ஈரல்ல மட்டும் இல்லம்மா, சதையிலயும் இருக்கு. அளவு மீறி வேலை வாங்கினா சதை சிதைஞ்சு ரத்தத்துல கலந்துடும். ஈரலுக்கான மத்த எண்ணெல்லாம் இவருக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனாலும் ஓய்வுல வச்சுப் பார்க்காம நான் உறுதியா சொல்ல முடியாது. பத்து நாள் வேலைக்கும் போகாதீங்க, படியும் ஏறாதீங்க. நிறைய தண்ணி குடிங்க."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பச்சைத் தண்ணிம்மா" என்றார் டாக்டர்.

சும்மா உட்காரச் சொல்வது சுலபம். ஐந்து மணியை அவர் என்ன செய்வார்? முதல் நாள் சுவரைப் பார்த்தார். இரண்டாம் நாள் ஜன்னல் கொக்கிகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். மனைவி தைத்தபடியே, அவர் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் நாள் ஐந்தரை ஆகியும் நாக்கு நமநமப்பு அடங்கவேயில்லை. எழுந்து செருப்பை மாட்டினார். மெஷின் நின்றது.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இன்னைக்கு ரொம்பத் தோணுது. போனா குடிச்சிடுவேன். என்னை இங்கேயே உட்கார வை."

அவள் மெஷினை விட்டு எழுந்தாள். பிறகு கோணலாகப் போன ஒரு திரைச்சீலையின் ஓரத்தை அவர் மடியில் போட்டு, தையல் பிரிக்கிற ஊசியைக் கையில் கொடுத்தாள். "துணி கிழியாம பிரிங்க" என்றாள். இருட்டுகிற வரை அவர் பிரித்தார். அவள் பக்கத்திலேயே இருந்தாள்.

பதினோராம் நாள் ரத்தம் கொடுத்தார். மறுநாள் காலை உறை வந்தது. மனைவி அதை மெஷின் மேல் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். பிரிக்கச் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. பத்து மணிக்கு மகள் குழந்தையோடு வாசலில் நின்றாள்.

மகள் உள்ளே வந்ததும் முதலில் கேட்டது, "ரிப்போர்ட் எங்கே?"

அம்மா மெஷினைக் காட்டினாள். ஒட்டியபடியே இருந்த உறையை எடுத்து மகள் திருப்பிப் பார்த்தாள். "நீ இன்னும் பிரிக்கவே இல்லையா? பின்ன எதை வச்சு என்னை வரச் சொன்னே? போன வாரமே ஃபோன் பண்ணினியே?"

"குடிக்கிறவன் தோணுதுன்னு சொல்ல மாட்டான்டி. போயிட்டு வந்து, தோணவே இல்லைன்னு சொல்வான். இருபது வருஷமா என்கிட்ட அதைத்தானே சொன்னார்." ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு முதல் தடவையா தோணுதுன்னு சொன்னார். எனக்கு அது போதும். உனக்கு வேணும்னா பிரிச்சுப் பாரு."

எட்டு ரிப்போர்ட்டுகளுக்காக இரண்டு வருஷம் படியேறியவர், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மகள் உறையைப் பிரித்தாள். முப்பத்துநாலு. இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து, இழுப்பறையில் மற்றவற்றோடு வைத்தாள். அவள் முகம் இன்னும் முழுதாக இளகியிருக்கவில்லை.

"கண்ணைத் துடைங்க. புது முகம் அழுதா அவளும் அழுவா" என்று சொல்லிவிட்டு, குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.