அப்பாவின் பின்கழுத்து

முடிவெட்டியவர் என் தலைக்குப் பின்னால் கண்ணாடியைப் பிடித்து, "சரியா இருக்கா அண்ணாச்சி?" என்றார். கண்ணாடிக்குள் எங்கப்பா உட்கார்ந்திருந்தார்.

தொண்ணூறுகளில், பாபநாசம் ஆடி அமாவாசைக் கூட்டத்தில் நான் தொலைந்துபோனேன். ஒரு போலீஸ்காரர் என்னைத் தோளில் ஏற்றி, "ஒங்கப்பா மொகம் எப்படிலே இருக்கும்?" என்றார்.

எப்போதும் அப்பா சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தே ஊரைப் பார்த்தவன் நான். "கழுத்துல ரெண்டு மடிப்பு இருக்கும்" என்று அழுதேன். இந்த மூளைக்குப் படிப்பு ஏறாததில் அதிசயமில்லை.

எதிரே ஒருவர் நனைந்த தலையோடு, பயந்த முகத்தோடு, குனிந்து குனிந்து தேடிக்கொண்டு வந்தார். யாரோ என்றிருந்தேன். அவர் திரும்பியதும், "அதான் எங்கப்பா" என்று கத்தினேன்.

"மூஞ்சியையும் பாத்து வச்சுக்கோலே" என்று அப்பா என்னை வாங்கிக்கொண்டார். அந்த மடிப்புகளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் அழுகை நின்றது.

"சரியா இருக்கா அண்ணாச்சி?"

"அப்படியே இருக்கு வே."