களைப்புக்கு ஒரு படம்

ஆபீசில் அவரை எல்லோரும் பொம்மைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து மூன்று, பாதித் தலை நரைத்துவிட்டது, ஆனாலும் பிழைப்பு பொம்மை போடுவதுதான். ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்தால் இந்தக் காலத்தில் எவன் படிக்கிறான்? அதையே நாலு பொம்மை, நாலு எண், நாலு வரி என்று சுருக்கி, போனை விரலால் தள்ளிக்கொண்டே போகிறவனை ஒரு நொடி நிற்க வைக்க வேண்டும். அதற்கு இன்ஃபோகிராஃபிக் என்று பெயர். பற்பசை விற்கிறவர், மெத்தை விற்கிறவர், இன்சூரன்ஸ் விற்கிறவர் எல்லோருக்கும் அது வேண்டும். பதினாறு வருஷமாக அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

தொழிலில் அவருக்கென்று ஒரு பழக்கம். வேண்டாம் என்று சொன்ன எதையும் அழிக்கமாட்டார். படத்தின் ஒவ்வொரு துண்டும் கம்ப்யூட்டரில் தனித்தனி லேயராக இருக்கும். வேண்டாததை மறைத்து வைத்துவிடுவார், அவ்வளவுதான். "கிளையன்ட் இன்னிக்கு வேணாம்பாரு, நாளைக்கு அது எங்கேம்பாரு" என்பார். அந்த முன்யோசனைக்காக ஆபீசில் அவருக்கு நல்ல பெயர்.

ஆனால் உண்மையில் அந்தக் குடும்பத்தில் முதலில் பொம்மை போட்டவள் அவருடைய அக்கா. அம்மா போனபோது அக்காவுக்கு இருபது வயது, அவருக்குப் பதினொன்று. காலையில் அவசரமாக வேலைக்கு ஓடுகிறவள், தம்பி செய்ய வேண்டியதையெல்லாம் சீட்டில் எழுதி வைத்துப் பார்த்தாள். தம்பி படித்தால்தானே? கடைசியில் ஒரு பெரிய தாளில் படமாகவே வரைந்து சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். ஒரு வாளி, ஒரு பூட்டு, ஒரு தட்டு. தண்ணீர் பிடி, கதவைப் பூட்டு, சாப்பிடு. வாளி தொப்பி மாதிரி இருக்கும், பூட்டு பல்லி மாதிரி இருக்கும். அவர் சிரித்துச் சிரித்து, மூன்றையும் செய்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனார்.

அந்த அக்கா போன வருஷம் வரை, அவர் குடியிருந்த கட்டடத்திலேயே நாலாவது மாடியில், அத்தானோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் இருந்தாள். அவர் இரண்டாவது மாடியில் தனிக்கட்டை. சாப்பாடு மட்டும் மேலே. லிஃப்ட் என்று ஒன்று இருந்தது, ஓடியதைப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்த அக்கா, தம்பி போடும் ஒவ்வொரு படத்தையும் ஊருக்கெல்லாம் அனுப்புவாள். மெத்தைப் படத்தைக்கூட விடமாட்டாள். "என் தம்பி போட்டது" என்று மேலே ஒரு வரி கட்டாயம் இருக்கும்.

போன வருஷம் ஒரு ஆஸ்பத்திரி, இதயப் பரிசோதனைக்கு ஆள் சேர்க்க ஆன்லைனில் விளம்பரம் செய்ய வந்தது. இதயம் காட்டும் எச்சரிக்கைகள் என்று அங்கிருந்த டாக்டர் ஏழு எழுதிக் கொடுத்திருந்தார். நெஞ்சில் அழுத்தம், இடது கை வலி, மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல். இந்த ஐந்தும் பொம்மைக்காரருக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆறாவது தாடை வலி. கன்னத்தில் கை வைத்த ஒரு முகத்தைப் போட்டார். "சார், இது பல் வலி விளம்பரம் மாதிரி இருக்கு" என்றாள் ஆபீசில் அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்ட கேம்பெயின் மேனேஜர். அவள் அனுப்பும் எந்த மெசேஜும் 'அவசரம்' என்றுதான் ஆரம்பிக்கும். அதனால் அவர் மனதுக்குள் அவள் பெயரே அவசரம்.

ஏழாவதுதான் பாடாய்ப் படுத்தியது. காரணமில்லாத களைப்பு. களைப்பை எப்படி வரைவது? கட்டில் போட்டால் தூக்கம் என்றார்கள். குனிந்த தலையைப் போட்டால் துக்கம் என்றார்கள். சார்ஜ் தீர்ந்த பேட்டரியைப் போட்டார், போன் விளம்பரமா என்று கேட்டார்கள். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். அதற்குள் அவசரத்திடமிருந்து மெசேஜ் வந்துவிட்டது. "ஏழு இருந்தா திரையில நிக்கல சார், கீழ தள்ள வேண்டியிருக்கு. அஞ்சா ஆக்கிடுங்க. முழுசா வேணும்கிறவங்க லிங்க்கைத் தொட்டுப் படிச்சுக்கட்டும்."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அதை இங்கே ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். வரைய வராத இரண்டையும் மறைத்தார், தலைப்பில் ஏழை ஐந்தாக்கினார், அனுப்பினார். ஆஸ்பத்திரியின் விளம்பரப் பிரிவும் டாக்டரிடம் திரும்பக் காட்டவில்லை. படம் கொடிகட்டிப் பறந்தது. நாற்பதாயிரம் பேர் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். லிங்க்கைத் தொட்டு ஏழையும் படித்தவர்கள் தொள்ளாயிரம் பேர்கூட இல்லை.

அனுப்பியவர்களில் முதல் ஆள் அக்கா.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அவர் ஆபீசிலிருந்து வரும்போது, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அக்கா படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காய்கறிப் பை. ஒரு கை கைப்பிடிக் கம்பியில், தலை சுவரில்.

"என்ன, படியிலயே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சிட்டியா?" என்றார்.

"போடா. பத்து நாளா ஒரே அசதி. ராத்திரி நல்லாத் தூங்கினாலும் காலைல எந்திரிக்க முடியல. பல்லு வேற இழுத்துப் பிடிக்குது, இதோ, கீழ்த் தாடை பூரா."

"வயசாகுதுல்ல?"

"உன் வாயில கொள்ளிய வைக்க. எனக்கும் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு, உன் படத்தை எடுத்து ஒவ்வொண்ணாப் பாத்தேன். அஞ்சுல ஒண்ணுகூட எனக்கு இல்ல."

"அப்ப நூத்துக்கு நூறு, பாஸ்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் ஏறினார். அவள் சிரித்துக்கொண்டே எழுந்து, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று பின்னால் வந்தாள். ஏழில் இரண்டை மறைத்தவர் அவர்தான். அந்த இரண்டையும் அவள் தன் வாயால், ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அவருக்கு உறைக்கவில்லை. வேலை முடிந்த படம் அது. அவர் அப்போது ஒரு மிக்ஸி கம்பெனிக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா மறுநாள் பல் டாக்டரிடம் போனாள், மாத்திரை வாங்கி வந்தாள். ஐந்தாம் நாள் காலை, பள்ளிக்கூட ஆபீசில் வருகைப் பதிவேட்டின் மேல் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்றுதான் பக்கத்து மேஜைக்காரர்கள் முதலில் நினைத்தார்களாம்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர் ஒரு சின்னப் பெண். தலையைக் குனிந்தபடியே அத்தானிடம் கேட்டாள்: "கொஞ்ச நாளா தாடை வலிக்குதுன்னு சொன்னாங்களா? ரொம்பக் களைப்பா இருந்தாங்களா?"

"ரெண்டுமே சொன்னா, டாக்டர்."

"பெண்களுக்குப் பல நேரம் அப்படித்தாங்க காட்டும். அப்பவே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு, ஏழு என்று இரண்டு எண்கள் மட்டும் பொம்மைக்காரரின் மண்டைக்குள் வந்து நின்றன. அன்றைக்கு அவர் அழுத அழுகையைப் பார்த்து, அக்காவே அம்மாவாக இருந்து வளர்த்தவள் அல்லவா என்று எல்லோரும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் அது பாதிதான் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

மூன்றாம் நாள், அக்காவோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் பள்ளிக்கூட குரூப்பில் ஒரு படத்தைப் போட்டாள். 'இனி யாருக்கும் இப்படி ஆகக் கூடாது, எல்லோரும் பத்திரப்படுத்தி வையுங்கள்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே அவருடைய ஐந்து பொம்மைகள். அத்தான் அதை அவரிடமே நீட்டி, "உன் படம்தாம்ப்பா. எவ்வளவு பேருக்கு உதவுது பாரு" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டார். அப்புறம் பதினோரு மாதம் முழுங்கிக்கொண்டே இருந்தார். அக்காவின் மகள் கையால் போட்ட சோற்றையும் அதோடு சேர்த்துத்தான் முழுங்கினார்.

இந்த வருஷம் ஆஸ்பத்திரி மறுபடியும் வந்தது. 'அவசரம். அதே படம் போதும் சார், கலரை மட்டும் மாத்திக் கொடுங்க, பத்து நிமிஷ வேலை' என்று மெசேஜ். பைலைத் திறந்தார். ஓரத்தில் லேயர்கள் வரிசையாக நின்றன. மறைத்து வைத்த இரண்டும் அங்கேயே இருந்தன. ஆறாவதைக் காட்டச் செய்தார், கன்னத்தில் கை வைத்த முகம் வந்தது. ஏழாவதைக் காட்டச் செய்தார், சார்ஜ் தீர்ந்த பேட்டரி வந்தது. பதினாறு வருஷமாகப் பெருமையடித்துக்கொண்ட தன் முன்யோசனையைப் பார்த்து, ஆபீஸ் என்றும் பார்க்காமல் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

பேட்டரியை அழித்தார். அவர் வாழ்க்கையில் அழித்த முதல் லேயர் அதுதான். அந்த இடத்தில் நாலு படி போட்டார். படியில் ஒரு பெண், பக்கத்தில் பை, ஒரு கை கம்பியில், தலை சுவரில். வரைய இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

அவசரம் தானே எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். "ஏழு ஆயிடுச்சே சார், திரையில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "இது களைப்புதானே? பாத்ததும் புரியுது."

"ஏழும் போகணும்மா. ஒண்ணு குறைஞ்சாலும் வேற ஆளை வெச்சுப் பண்ணிக்கங்க."

அவர் அப்படி ஒருநாளும் பேசியதில்லை. ஏழும் போயின.

படம் வெளியான அன்று சாயங்காலம், அதே படியில் அக்கா மகள் அவருக்காக உட்கார்ந்திருந்தாள். கையில் போன்.

"மாமா, இது அம்மாதானே?"

"ஆமா பாப்பா."

"போன வருஷப் படத்துல ஆறும் ஏழும் இல்லையே?"

"இருந்துச்சு. டாக்டர் ஏழுதான் எழுதிக் கொடுத்தாரு. எனக்குக் களைப்பை வரையத் தெரியல. அஞ்சு போதும்னாங்க, ரெண்டையும் மறைச்சிட்டேன்."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் திட்டவில்லை.

"அன்னிக்கு அம்மா உங்க படத்தை எங்கிட்ட காட்டி, அஞ்சும் இல்லடி, ஆனாலும் ஒரு தடவ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கவான்னு கேட்டா. நான்தான் மாமா, அதான் எதுவும் இல்லையே, முதல்ல பல்லைப் பாருன்னு அனுப்பினேன்." போனை மடியில் கவிழ்த்தாள். "ஒரு வருஷமா, நான்தான் அம்மாவைக் கொன்னுட்டேன்னு நெனச்சிட்டிருக்கேன். அப்பாகிட்டகூடச் சொல்லல. நீங்க தினம் எங்க வீட்டுல வந்துதானே மாமா சாப்பிட்டீங்க? ஒரு நாள் சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே ஏறிப் போனாள். நாலாவது மாடிக் கதவு திறந்து சாத்தும் சத்தம் கேட்டது. பொம்மைக்காரர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா உட்கார்ந்த படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் மேலே சாப்பிடப் போகவில்லை.