பதினேழாம் அத்தியாயத்தின் மறுபக்கம்

என் அப்பா நாவல் எழுதுகிறார் என்று சொன்னால் பஸ் டிப்போவில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று டிரிப் ஷீட்டில் குறித்து, கையெழுத்துப் போட்டு, விசில் கொடுத்து அனுப்புவதுதான் வேலை. எல்லோருக்கும் அவர் 'டைம் சார்'. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருக்கிற மனிதர். அவருக்குள் முந்நூறு பக்கம் இருந்ததாம். எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ.

ஓய்வு பெற்ற மறுநாளே ஆரம்பித்துவிட்டார். மற்றவர்கள் நாவலுக்கு எப்படித் திட்டம் போடுவார்களோ எனக்குத் தெரியாது. அப்பா கால அட்டவணை போட்டார். சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு சார்ட். இடது ஓரத்தில் நாயகன், மனைவி, தம்பி என்று வரிசை. மேலே மணிக்கணக்கு. தம்பி 7.15க்கு வருகிறான், 7.40க்குக் கோபித்துக்கொண்டு கிளம்புகிறான். ஒரு குடும்பச் சண்டை இருபத்தைந்து நிமிடத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

"நடுவுல டீ குடிக்கவாவது நேரம் விட்டீங்களாப்பா?" என்றேன்.

"7.25," என்றார்.

எழுதுவதற்கு டிப்போவில் கழித்துக் கட்டிய பழைய டிரிப் ஷீட்டுகளை ஒரு மூட்டை கொண்டு வந்திருந்தார். வெற்றுப் பக்கத்தில் கதை. ஆனால் பக்க எண்ணை மட்டும் அச்சடித்த பக்கத்தில், வலது மூலையில்தான் போடுவார். நம்பர் என்றால் அவருக்கு அங்கேதான். பிடித்த பிடியை விட மாட்டார். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளும் ஒவ்வொரு தாளாகத் திருப்பி நம்பர் பார்த்து, மறுபடி திருப்பி டைப் அடிப்பதில் போனது. என் தலையெழுத்து.

நாவலின் நாயகன் ஒரு டைம்கீப்பர். அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள்.

"இது நம்ம கதைதானேப்பா?"

"இல்ல. இவனுக்கு மீசை இருக்கு."

அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான் மட்டும்தான். மதியம் 2.10க்கு டிப்போவுக்குப் போன் செய்து, உடனே கிளம்பி வாங்கப்பா என்றேன். நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ் டிப்போவிலிருந்து நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும். 2.35க்கு ஒன்று, 3.15க்கு ஒன்று. அரை மணி நேரப் பயணம். அம்மா 3.25க்குப் போய்விட்டாள். அப்பா 3.45க்கு உள்ளே வந்தார்.

"2.35 பிரேக்டவுன்மா. அடுத்ததுலதான் வர முடிஞ்சுது," என்றார். சரி என்று தலையாட்டினேன்.

நான் நம்பவில்லை. நான் கண்ணால் பார்த்த ஒன்றை விட்டாலும், ஒரு வண்டி மக்கர் பண்ணினால் எந்தப் பாகம் போச்சு, எந்த மெக்கானிக் பார்த்தான் என்று பத்து நாளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த விஷயத்தில் மட்டும் கேட்க ஆளில்லாவிட்டாலும் பேசுவார். ஆனால் இந்த வண்டியைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வார்த்தை கிடையாது. ஏன் வரவில்லை என்ற கேள்வி நான்கு வருடமாக என் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. கேட்கவில்லை. அவர் உண்மையைச் சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இருவரும் அழவும் இல்லை. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கிற இரண்டு பேர் மாதிரி, மாவு தீர்ந்துவிட்டது, மோட்டாரைப் போடு என்று மரியாதையாகக் காலம் தள்ளினோம்.

முதல் பிரதியைப் படித்த பதிப்பகத்து அம்மா கடிதம் எழுதினார். 'எல்லோரும் நேரத்துக்கு வருகிறார்கள், நேரத்துக்குப் போகிறார்கள். மனைவியின் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் காணோம். அதுதான் நாவல். பதினேழாம் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பினால் வெளியிடுகிறோம்.'

அந்த அம்மா சொன்னது சரிதான். பதினேழாம் அத்தியாயத்தில் இருந்ததே இரண்டு வரி: போன் வந்தது, அவன் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. சுவரில் இருந்த சார்ட்டிலும் மனைவியின் வரிசை 2.10க்கு மேல் காலியாகக் கிடந்தது. அப்பா அதன் முன்னால் போய்ப் போய் நின்றார். பதினோரு தடவை எழுதிக் கிழித்தார். அந்த ஒரு மணி நேரத்தை அறிந்தவள் பத்தடி தள்ளி அடுப்படியில்தான் இருந்தேன். அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்வேனா? மாட்டேன்.

பன்னிரண்டாவது தடவை எழுதியதை ஒரு விடுமுறைக் காலையில் கொண்டுவந்து வைத்தார். 'அந்தப் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. அவன் தவித்தான்' என்று இருந்தது. அதே பழைய பாட்டு. பக்க எண் பார்க்கத் தாளைத் திருப்பினேன். 214. அதற்குக் கீழே தடம் எண் 41. தேதி, அம்மா போன தேதி. புறப்பாடு 2.35. பழுது: இல்லை. அடியில் அப்பாவின் கையெழுத்து.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல அந்தத் தேதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. தாளை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அப்பா கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, எதை டைப் பண்ணட்டும்? நீங்க எழுதின பக்கத்தையா, அச்சடிச்ச பக்கத்தையா?"

அவர் நிமிரவில்லை. "பாத்துட்டியா."

"நம்பர் பாக்கத் திருப்பித்தானே ஆகணும்."

"ஆமா. திருப்பித்தான் ஆகணும்."

"தெரிஞ்சேதான் இந்தத் தாள்ல எழுதினீங்களா?"

"நாலு வருஷமா தனியா எடுத்து வெச்சிருந்தேன்." ஒரு சட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வண்டி ரெடியா நின்னுச்சு. டிரைவர் ஏறுங்க சார்னாரு. நான் கையெழுத்துப் போட்டேன். விசில் குடுத்தேன். போயிடுச்சு."

"ஏன்பா?"

"நான் போனா முடிஞ்சிடும்னு தோணுச்சு. நான் போகாத வரைக்கும் அவ இருப்பான்னு."

அப்பா சட்டையை அடுக்கில் வைத்துவிட்டு, "அச்சடிச்ச பக்கத்தையே போடும்மா," என்றார்.

போய் உட்கார்ந்து அவர் சொன்னதை அப்படியே அடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை நிற்கவில்லை. அவருக்குத் தெரியாததையும் அடித்தேன். 2.50க்கு மனைவி கண் திறக்கிறாள். "அப்பா எங்கடி?" என்று மகளைக் கேட்கிறாள். டைம்கீப்பர் பெண்ணுக்கு அட்டவணை தெரியாதா? "2.35ல ஏறிட்டாரும்மா, வந்துட்டே இருக்காரு," என்கிறாள். சாகப்போகிறவளிடம் தெரியாமலே நான் சொன்ன பொய் அது. அந்தப் பொய்யை என்னைச் சொல்ல வைத்துவிட்டாரே என்றுதான் நான்கு வருடமாக அவர் மேல் எனக்கு ஆத்திரம். அது டைப் அடிக்கும்போதுதான் எனக்கே விளங்கியது.

தாளை நீட்டினேன். சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே படித்தார். படித்து முடித்தும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்பினாளா?"

"நம்பினா. மூணு மணிக்கு ஜன்னல் பக்கமாத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னா. பஸ் ஸ்டாப் அந்தப் பக்கம்தான். மூணு அஞ்சுக்கு நாப்பத்தொண்ணு வந்து நின்னுச்சு."

"கரெக்ட் டைம்," என்றார் அப்பா.

"இறங்குறவங்களையே பாத்துட்டு இருந்தா. வண்டி கிளம்பிப் போனப்புறமும் பாத்துட்டு இருந்தா."

அப்பா சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சார்ட்டில் மனைவியின் வரிசைக்குப் போனார். 2.50, கேட்டாள். 3.00, ஜன்னல். 3.05, வண்டி வந்தது. அவன் இல்லை. எழுத்து டிரிப் ஷீட்டில் இருப்பது போலவே பொடியாக, கோணாமல் இருந்தது. 3.25க்கு வந்ததும் பென்சில் நின்றது. அப்புறம், புறப்பாடு என்று எழுதி, முப்பத்தொரு வருடப் பழக்கம், அதன் கீழே கையெழுத்தும் போட்டார்.