ஒருவருக்கு மட்டும் அரைத்த சாஸ்

தன் இதயத்தைக் காப்பாற்றியது தன்னுடைய மன உறுதிதான் என்று குடோன் சூப்பர்வைசர் சொல்வார். அவருடைய அக்காவும் அதையே சொல்வார். கம்பெனி ஆண்டு விழாவில் அவரை மேடையேற்றி, உடம்பை எப்படிக் குறைத்தார் என்று பேச வைத்து, ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்தார்கள். கீழே நாற்காலியில் உட்கார்ந்து அவர் மனைவி கைதட்டினாள். மண்டபத்துப் படிகளில் ஏறி வந்த மூச்சிரைப்பு அவளுக்கு அப்போதும் அடங்கியிருக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அவளே கவனிக்கவில்லை என்பதுதான் கொடுமை.

அவள் ஒரு பெரிய துணிக்கடையின் பின்பக்கத்து ஆல்ட்டரேஷன் அறையில் தையல்காரி. முன்பக்கத்தில் குளிர்சாதனமும் பாட்டும் வாசனையும். பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத அறை, இஸ்திரிப்பெட்டியின் ஆவி, முதுகு சாய வழியில்லாத ஸ்டூல். வாடிக்கையாளர் வாங்கிய கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, சட்டைக் கையைச் சிறிதாக்குவது அவள் வேலை. வெட்டி விழுகிற எதையும் அவள் எறிய மாட்டாள். கால்சட்டை அடியில் வெட்டிய வளையம் இன்னொருவர் பையின் கிழிசலுக்கு ஆகும். லைனிங் துண்டு காலருக்குள் போகும். எதற்கும் ஆகாத நூல் பிசிறு ஊசி குத்தி வைக்கும் மெத்தைக்குள் போகும்.

"இந்தம்மா இருக்கிற ரூம்ல குப்பைத்தொட்டி பட்டினி கிடக்குதுப்பா" என்பார் கட்டிங் மாஸ்டர்.

கடையில் அது நல்ல பழக்கம். வீட்டுக்குள் அதையே கொண்டுவந்தாள். அங்கே அது அவளைத் தின்றது.

சூப்பர்வைசர் வேலை பார்த்தது பாக்கெட்டிலும் புட்டியிலும் அடைத்த உணவை ஊர் முழுக்க அனுப்பும் குடோனில். அட்டை நசுங்கியது, மூடி கோணியது, தேதி முடியப் போவது என்று விற்க முடியாத சரக்கை அங்கே ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுப்பார்கள். கொண்டுபோய்க் கொட்டினால் கம்பெனிக்குச் செலவு. ஊழியர் வயிற்றில் கொட்டினால் அதற்குப் பெயர் சலுகை! இப்படி வந்ததில் அதிகம் சாலட்டின் மேல் ஊற்றும் வெள்ளை சாஸ். கெட்டியாக, வழவழவென்று, புளிப்பும் இனிப்புமாக இருக்கும். அதை அவர் ரொட்டியில் ஊற்றினார், உருளைக்கிழங்கில் ஊற்றினார், அவித்த முட்டையில் ஊற்றினார். ஒரு நாள் சரக்கு இறங்கும் இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தார். எண்ணெய், கொழுப்பு, உப்பு எல்லாவற்றையும் குறைக்க வேண்டும், பச்சைக் காய்கறி நிறையச் சாப்பிட வேண்டும் என்றார். சூப்பர்வைசரிடம் சொல்லத் தொடங்கியவர், பாதியில் நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்கதாம்மா பார்த்துக்கணும். ஆம்பளைங்க சொன்னா கேக்க மாட்டாங்க."

நெஞ்சு அவருடையது, வாய் அவருடையது, கையும் அவருடையது. பொறுப்பு மட்டும் அவளுடையது. படித்த டாக்டர், அதிலும் ஒரு பெண், இப்படிச் சொன்னதை அந்த அறையில் இருந்த எவரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

அன்று இரவு வெள்ளரிக்காயும் கேரட்டும் கீரை இலையும் நறுக்கி வைத்தாள்.

"என்ன இது? என்னை ஆடுன்னு நினைச்சியா?" என்றார் சூப்பர்வைசர். வெள்ளரிக்காய் கண்ணுக்கே தெரியாமல் போகும்வரை சாஸை ஊற்றினார்.

அவள் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். முன்பக்கம் 'லைட்' என்று பெரிய எழுத்து, ஒல்லியான பெண் ஒருத்தி காற்றில் குதித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் எறும்பு எழுத்தில் முதலில் எண்ணெய், அடுத்து சர்க்கரை, பிறகு உப்பு. படத்திலிருந்த பெண் அந்தப் புட்டியைத் திறந்திருக்கவே மாட்டாள்.

வீட்டிலேயே செய்துவிடலாம் என்று முடிவு செய்தாள். முதல் நாள் தயிரில் எலுமிச்சை பிழிந்து மிளகுத்தூள் போட்டு ஊற்றினாள். அது காயில் ஒட்டாமல் தட்டின் அடியில் போய்த் தேங்கியது.

"தயிர்ச் சட்டி கழுவின தண்ணியா இது?"

கடையில் மிஞ்சிய புது லைனிங் துணியைக் கொதிநீரில் போட்டு அலசி, அதில் தயிரைக் கட்டி, சமையலறைக் குழாயில் தொங்கவிட்டாள். தண்ணீர் வடிந்து தயிர் கெட்டியானது. அதை மிக்சியில் அடித்தாள். மறுபடி நீர்த்துப் போனது. தயிரை அடிக்கக் கூடாது, கரண்டியால் கலக்க வேண்டும் என்று அப்போது தெரிந்தது. கொழகொழப்புக்கு வெள்ளை பீன்ஸ் கொட்டையை ஊறவைத்து வேகவைத்து அரைத்துச் சேர்த்தாள்.

"மணலையா அரைச்சே?"

தோல்தான் காரணம். அடுத்த முறை ஒவ்வொரு கொட்டையாக விரலால் பிதுக்கித் தோலை எடுத்தாள். பச்சைப் பூண்டு போட்டதில் வேறு புகார் வந்தது. "டிரைவருங்க எல்லாம் தள்ளி நின்னு பேசுறானுங்க. மூக்கைப் பொத்திக்கிட்டு 'சார், லோடு ஏத்தியாச்சு'ன்றானுங்க." அதன்பின் பூண்டைத் தோலோடு கொட்டையுடனேயே வேகவைத்தாள். காரம் போய் மணம் நின்றது. கொஞ்சம் கடுகுத்தூள், எலுமிச்சை, மிளகு, பளபளப்புக்கு ஒரு சின்னக் கரண்டி எண்ணெய், பேருக்கு உப்பு. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் நிற்கும் பதம் ஒரு நாள் வந்தது. சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லாமல் தட்டைக் காலி செய்தார். அந்த வீட்டில் பாராட்டு என்பது புகார் இல்லாமல் இருப்பதுதான்.

பிறகு தினமும் அது நடந்தது. காலையில் எழுந்து கொட்டை பிதுக்குவாள், வேலைக்குப் போவாள், மாலையில் வந்து கலக்குவாள். அவர் இளைத்தார். அவருடைய கால்சட்டைகளை இடுப்பில் பிடித்துத் தந்தாள். கொஞ்ச நாளில் இன்னொரு முறை பிடித்தாள்.

ஆனால் குடோனிலிருந்து அட்டைப் பெட்டி வருவது நிற்கவில்லை.

"ஏங்க, நீங்கதான் தொடறதில்லையே, எதுக்கு இன்னும் தூக்கிட்டு வர்றீங்க?"

"சும்மா வர்றதை யாராவது வேணாம்பாங்களா? நான் எடுக்கலைன்னா அடுத்தவன் எடுத்துட்டுப் போவான்."

கொண்டுவந்தவருக்குத் தின்னும் வேலை இல்லை. புட்டிகள் சமையல் மேடைக்கு அடியில் அடுக்கடுக்காக நின்றன. நூல் பிசிறைக்கூட எறியாதவள் நிறைந்த புட்டியை எறிவாளா? மதியம் கடைக்கு ரொட்டியும் அந்த சாஸும் எடுத்துப்போனாள். இரவில், அவர் சாப்பிட்டு எழுந்தபின், மீந்த உருளைக்கிழங்கின் மேல் அதை ஊற்றித் தின்றாள். தேதி நெருங்கிய புட்டியை முதலில் முடித்தாள். தான் அரைத்த சாஸில் உப்புப் பார்க்க ஒரு விரல் நுனி, அவ்வளவுதான் அவள் பங்கு. மிக்சி ஜாரில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் விட்டு அலசிக் குடித்ததையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தனக்கும் சேர்த்து அரைத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேளுங்கள். அவளிடம் மட்டும் கேட்காதீர்கள். 'உன் புருஷனுக்கு என்ன சமைக்கிறாய்' என்று ஆயிரம் பேர் கேட்ட பெண்ணிடம், 'நீ என்ன தின்றாய்' என்று கேட்ட ஒருவரைக் காட்டிவிட்டுக் கேளுங்கள். பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். கணவரின் இதயத்துக்கு உகந்த பத்து வகை உணவு என்று வண்ணப்படத்தோடு வரும். ரத்தக் குழாய்க்குக் கணவன், மனைவி என்று உறவுமுறை தெரியாது. கொழுப்பு யார் சாப்பிட்டாலும் அடைக்கும்.

கடையில் கட்டிங் மாஸ்டர்தான் முதலில் பார்த்தார். தையல் மிஷினில் சூப்பர்வைசரின் கால்சட்டை இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய ரவிக்கை, பிரித்துவிட்ட தையலோடு கிடந்தது.

"என்னம்மா இது, ஒரே வீட்டுல ஒண்ணு உள்ளே போகுது, ஒண்ணு வெளியே வருது! அங்கே வெட்டினதை இங்கே ஒட்டு போடறியா?"

அவள் சிரித்தாள். மாஸ்டரும் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அவளுடைய இடது தோளிலிருந்து முழங்கைவரை வலி இறங்கியது. மிஷின் மேல் தலையைச் சாய்த்தாள். ஊசி ஓடிக்கொண்டேயிருந்தது. மாஸ்டர் பாய்ந்து வந்து அவள் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டார்.

ஆட்டோவில் ஏற்றிப்போனதும் அதே டாக்டரம்மாவிடம்தான். ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. ரத்தத்தில் கொழுப்பும் அப்படித்தான்.

"வீட்டுல என்னம்மா சாப்பிடறீங்க?"

"மிச்சம்."

"மிச்சம்னா?"

"மிஞ்சினது டாக்டர். வேற என்ன சொல்றது?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். இது மாரடைப்பு அல்ல, ஆனால் அதன் வாசல், இப்படியே போனால் அடுத்த முறை கொண்டுவந்து பயனிருக்காது என்று விளக்கினார். அதற்குள் சூப்பர்வைசர் மூச்சிரைக்காமல் மாடி ஏறி வந்து நின்றார். இப்போதாவது டாக்டர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாரா? இல்லை. "உங்க சாப்பாட்டை நீங்கதாம்மா கவனிக்கணும்" என்று அவளிடமே சொன்னார். கணவருக்கு நோய் வந்தால் அவள் கவனிக்க வேண்டும். அவளுக்கு வந்தாலும் அவளே கவனிக்க வேண்டும். மருத்துவப் படிப்பில் எந்தப் பக்கத்தில் இது எழுதியிருக்கிறது?

நாத்தனார் பார்க்க வந்தார். வந்தவர் சமையல் மேடைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இத்தனையையும் நீயா தின்னே? என் தம்பி எப்படி மனசை அடக்கினான்! நாக்கைக் கட்டத் தெரியலையே உனக்கு?"

"அவரு நாக்கையும் நான்தான் கட்டினேன் அண்ணி."

"என்னது?"

"காலையில எழுந்து கொட்டைத் தோல் உரிச்சது மன உறுதியா, என் விரலா? கேட்டுச் சொல்லுங்க உங்க தம்பிகிட்ட."

"பாருடா, வாய் நீளுது" என்றார் நாத்தனார் தம்பியிடம். தம்பி செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அதன் பின்னாலிருந்து, "உடம்பு சரியில்லாத நேரத்துல கோவப்படாதே, பிரஷர் ஏறும்" என்று மட்டும் வந்தது.

ஏறட்டும் என்று அவள் நினைக்கவில்லை. செத்துவிடக் கூடாது என்று நினைத்தாள். அவ்வளவு தெளிவாகத் தன்னைப் பற்றி அவள் நினைத்தது அதுதான் முதல் தடவை.

நாத்தனார் கிளம்பிய பின், காலையில் தொங்கவிட்டிருந்த தயிரை அவிழ்த்தாள். வழக்கமான அளவுதான் இருந்தது, ஒருவருக்கு. கலக்கினாள். காய்களை நறுக்கினாள். ஒரே தட்டை எடுத்து மேசையில் வைத்து, சாஸ் முழுவதையும் அதில் ஊற்றி, உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

சூப்பர்வைசர் கை கழுவி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார்.

"எனக்கு?"

"கீழே புட்டி நிறைய இருக்குங்க."

"விளையாடறியா? அது எனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

"எனக்கும் அதே டாக்டர்தான் சொல்லியிருக்காங்க."

"அதுக்காக? ரெண்டு பேருக்கும் சேர்த்து அரைச்சா போச்சு. இதுக்குப் போய்..."

"அரைங்க."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருப்பார். அவள் வெள்ளரிக்காயை நிதானமாக மென்றாள். தினமும் செய்ததை முதன்முறையாக முழுதாகத் தின்றாள். நன்றாக இருந்தது. இவ்வளவு நன்றாக இருந்ததை ஒரு வார்த்தை சொல்லாமல் மாதக்கணக்கில் தின்றிருக்கிறார் இந்த மனுஷன் என்று தோன்றியதும் கோபம் இன்னும் கூடியது.

அன்று அவர் வெறும் ரொட்டி தின்று படுத்தார். மறுநாளும் அவள் ஒரு தட்டுதான் போட்டாள். அதற்கு மறுநாள், யாரும் சொல்லாமலே, புட்டிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக் குடோனுக்கே திருப்பி எடுத்துப்போனார். அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பயம்தான். பசியில் புட்டி பக்கம் கை போனதைப் பார்த்துத் தானே பயந்துவிட்டார். பயத்தால் செய்தாலும் கொட்டை வேகும், தயிர் வடியும்.

மாலையில் அவள் வேலை முடிந்து வந்தபோது சமையலறைத் தரையெல்லாம் தயிர்த் தண்ணீர். குழாயில் துணியைக் கட்டத் தெரியாமல் கட்டியதில், அது ஒரு பக்கமாக இறங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் பீன்ஸ் கொட்டையைப் பிதுக்க, அது தோலை விட்டுத் துள்ளிச் சுவரில் போய் ஒட்டியது. அவள் கால்கள் தாமாகச் சமையலறைப் பக்கம் திரும்பின. அவற்றைத் திருப்பிக்கொண்டு, மேசைக்குப் போய், காலையில் தனக்கென்று எடுத்து வைத்திருந்த கிண்ணத்தைத் திறந்தாள்.

"ஏய், பூண்டைத் தோலோட போடறதா, உரிச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். "முடிச்சுட்டுச் சொல்றேன்."