சிங்கப்பூரில் இறக்கிவிடச் சொன்ன மனு

ஒரு மேசை, மேசைமேல் தண்ணீர்க் கூஜா, அதற்குப் பின்னால் தோளில் துண்டு போட்ட ஒரு மனிதர். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. வயதாகிவிட்டது, கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள். சாப்பாட்டில் உப்பு இல்லை என்று வருகிற கோபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். இது அந்த வகை இல்லை. இதில் எனக்கும் பங்கு உண்டு, அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

சீனாவில் கலவரம் என்று சொல்லி வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து பட்டாளத்தை ஷாங்காய்க்கு அனுப்பிய வருஷம் அது. நான் மலாக்காவில் செங் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். என் அக்கா அதே தோட்டத்தில் பால்மரம் சீவினாள். அக்காவின் புருஷன், என் மச்சான், அந்தப் பட்டாளத்தோடு ஷாங்காயில் இருந்தார்.

மச்சான் சிப்பாய் இல்லை. அவர் துப்பாக்கியைத் தொட்டிருந்தால் அது அவர் காலைத்தான் சுட்டிருக்கும். தாயாருக்குக் கருமாதி செய்ய ஊருக்குப் போனவர், திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொண்டார். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை அப்போது நிறுத்தி வைத்திருந்தார்கள். மதராஸ் துறைமுகத்தில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார். அங்கே ஒருவன் பட்டாளத்துச் சமையலுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். கப்பல் எங்கே போகிறது என்று மச்சான் கேட்டிருக்கிறார். சீனாவுக்கு என்றிருக்கிறான். எந்த வழியாக என்று கேட்டிருக்கிறார். சிங்கப்பூர் வழியாக என்றிருக்கிறான். அவ்வளவுதான், மனிதர் சேர்ந்துவிட்டார். பட்டாளத்துக் கப்பலை மலாக்கா பஸ் என்று நினைத்துக்கொண்டார். நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள், இறங்கி வீட்டுக்கு வந்துவிடலாம் என்று.

சிங்கப்பூரில் இறங்க விடவில்லை. ஷாங்காயிலிருந்து கடிதம் வந்தது. நான் படித்துக் காட்டியதும் அக்கா முதலில் சிரித்தாள்.

“இந்த ஆள நம்பி கடைக்கு ஒரு தேங்கா வாங்க அனுப்ப முடியாது தம்பி. சீனாவுக்குப் போயிட்டாராம்ல!” என்றாள். சிரித்து முடித்துவிட்டு அழுதாள்.

கடிதத்தின் கடைசியில் ஒரு விஷயம் இருந்தது. திரும்பும்போதும் கப்பல் சிங்கப்பூரில் நிற்குமாம். மலாயாவில் குடும்பம் உள்ள சமையல் ஆட்கள், தண்ணீர் தூக்குகிறவர்கள் முதலானோரை, குடும்பத்தார் சர்க்காரில் மனுப் போட்டால் அங்கேயே இறக்கிவிடுவார்களாம். மறக்காமல் மனுப் போடு என்று எழுதியிருந்தார். இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மறுபடி எந்தக் காலத்தில் வருவது?

அன்று சாயங்காலமே நான் மனுவை எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. என் புருஷன் பட்டாளத்தில் சமையல்காரர், அவரைச் சிங்கப்பூரில் இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். அதை ஓர் உறையில் போட்டுத் தபாலில் சேர்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனு என்றால் அது ஒரு பெரிய மனிதர் கையால் போக வேண்டும். அல்லது ஒரு சங்கத்தின் மூலம் போக வேண்டும். தனி ஆள் மனுவை வெள்ளைக்காரன் குப்பைக் கூடையில் போடுவான் என்று எல்லாரும் சொன்னார்கள். அப்படி ஒரு மனு கூடைக்குப் போனதை யாரும் பார்த்ததில்லை. யாரும் தனியாகப் போட்டதே இல்லையே!

மலாக்கா டவுனில் ஒரு தமிழ் வாசகசாலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் அங்கே போவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் தீர்மானங்களை எல்லாம் என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். அங்கே இரண்டு கட்சி. ஒன்று கதர்க் கட்சி. தலைவர் ஜவுளிக்கடை முதலாளி. உடம்பில் கதர், கடையில் முழுக்க மில் துணி. இன்னொன்று ராஜ விசுவாசக் கட்சி. தலைவர் சர்க்கார் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. மன்னர் பிறந்தநாளுக்கு வேட்டிமேல் கோட்டு மாட்டி, அதன்மேல் சால்வையும் போட்டுக்கொண்டு வியர்த்து வழிகிற மனிதர். சீனாவிலிருந்து இந்தியப் பட்டாளத்தைத் திரும்ப அழைக்க வேண்டுமா, கூடாதா என்று இரண்டு பேரும் மாசக்கணக்கில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள். ஷாங்காய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

நான் மனுவை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் படித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். அதுவரை என்னை உட்காரச் சொன்னதில்லை.

“வாத்தியாரே, இது தங்கமான கேஸு. அடுத்த ஞாயித்துக்கெழம கூட்டத்துக்கு ஒங்க அக்காவ அழைச்சிட்டு வாங்க. நீங்களும் மேடையில ஒக்காருங்க” என்றார்.

மேடையில் உட்காருங்கள் என்ற அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்தேன். சொல்லவே நாக்கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

அக்கா தன்னிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னோடு பஸ்சில் வந்தாள். மதியம் மூன்று மணிக்குக் கூட்டம். அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். முதலாளி அவளைக் கைநீட்டிக் காட்டி, “இந்தத் தாயோட கண்ணீருக்குப் பதில் சொல்லட்டும் சர்க்காரு! நம்ம புள்ளைங்க எதுக்குச் சீனனோட சண்ட போடணும்? இன்னைக்கே திரும்பக் கூப்பிடு பட்டாளத்த!” என்று முழங்கினார். அக்கா அழவே இல்லை. பிறகு கிராணி எழுந்தார். “உப்பப் போட்டவனுக்கு வேல செய்யாம ஓடி வர்றதா வீரம்? பாதியில திரும்பினா ஒலகம் சிரிக்கும் லா! இந்தம்மாவோட புருஷன் ஒரு வீரன்” என்றார். மச்சான் பருப்புக் கடைந்துகொண்டிருந்தார் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மேடையில் கைகட்டி உட்கார்ந்திருந்தேன். நாற்காலி தூக்குகிற அளவுக்குச் சண்டை முற்றிக் கூட்டம் கலைந்தது.

பஸ்சில் திரும்பும்போது அக்கா கேட்டாள். “ஏன் தம்பி, இவ்வளவு நேரம் பேசினாங்களே. சிங்கப்பூர்னு ஒருத்தர்கூடச் சொல்லலியே?”

மறந்திருப்பார்கள் என்றேன்.

அந்த மாசத்தில் அவளிடம் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள், தோட்டத்து முனையில் மளிகைக்கடை வைத்திருந்த சீனத் தவுக்கே. அவள் புருஷன் சீனாவுக்குப் போன பட்டாளத்தில் இருப்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொள்வானோ என்று பயந்துகொண்டு அரிசி வாங்கப் போனாள். அவன் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே, “லூ பூஞா லாக்கி, பிலா பாலிக்?” என்று மலாயில் கேட்டானாம். உன் புருஷன் எப்போது திரும்பி வருவான் என்று.

முதலாளி என் மனுவைத் திருத்தினார். அந்நிய மண்ணில் பட்டாளம் இருக்கலாகாது என்று மேலே மூன்று பத்தி சேர்த்தார். சிங்கப்பூர் சமாசாரம் கடைசி வரிக்குப் போனது. நல்ல தாளில் நகலெடுத்தபோது அந்த வரிக்கு இடம் போதவில்லை. “பரவால்ல வாத்தியாரே, பட்டாளமே திரும்பிட்டா அவரு மட்டும் அங்க என்ன பண்ணப் போறாரு?” என்றார். நான் தலையாட்டினேன். நகலெடுத்த கை என் கை. அக்கா அதில் பெருவிரல் வைத்தாள். சீவுகிற கத்தி வெட்டி அவள் வலது பெருவிரலின் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. ரேகையில் அது வெள்ளைக் கோடாக விழுந்தது.

பத்து நாள் கழித்துப் பெரிய கிராணி எங்கள் தோட்டத்துக்கு வந்தார். காலையில் ஆள் கூப்பிட்டுப் பெயர் பதிகிற பெரட்டுக் களத்தில், தோட்டத்துக் கிராணி பக்கத்தில் நிற்க, எல்லாரும் வரிசையாக ஒரு தாளில் விரல் வைத்தார்கள். பள்ளிக்கூட ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். குயினைன் மருந்துக்கு ஆள் எண்ணுகிறார்கள் என்று நினைத்து, வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத் திரும்பிவிட்டேன். தோட்டத்தில் கிராணி தாளை நீட்டினால் விரலை நீட்ட வேண்டும், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிற பழக்கம் எங்கள் ஜனங்களுக்குக் கிடையாது. கேட்டவனுக்கு மறுநாள் தூரத்து மலைச்சரிவில்தான் வேலை கிடைக்கும். அக்காவும் நீட்டினாள். தன் மனுவுக்கே இன்னொரு நகல் என்று நினைத்தாளாம். பட்டாளம் வேலை முடியும்வரை சீனாவிலேயே இருக்க வேண்டும், அதில் எங்கள் குடும்பங்களுக்குப் பெருமை என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது. முதல் ரேகையாக அவளுடையதை வாங்கியிருந்தார் புண்ணியவான்.

சர்க்கார் ஆபீசிலிருந்து ஆள் வந்து எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். துரையின் மேசையில் இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் அதே தழும்பு. துரை ஏதோ சொல்லிச் சிரித்தார். மொழிபெயர்ப்பாளன் ஒரு தமிழன், அவனும் சிரித்தான். “ஒனக்குப் புருஷன் வரணுமா, வேணாமா? மொதல்ல அத முடிவு பண்ணிட்டு வரச் சொல்றாரு தொர” என்றான்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிங்கப்பூர், சிங்கப்பூர் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உளறினேன். அரசியல் மனுக்களுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை என்று துரை இரண்டு தாளையும் ஒன்றாகக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய மனுவை மறுபடி எழுதித் தபாலில் போட்டேன். சும்மா, தனி ஆள் மனுவாக. அதற்குள் ஒரு பகுதிப் பட்டாளம் ஷாங்காயிலிருந்து கப்பல் ஏறிவிட்டது என்று பத்திரிகையில் வந்தது. யார் கேட்டும் அவர்கள் திரும்பவில்லை, வேலை குறைந்ததால் திருப்பினார்கள். ஆனால் வாசகசாலையில் முதலாளி வெற்றி என்று லட்டு கொடுத்தார். அதே ஞாயிற்றுக்கிழமை பெரிய கிராணி, மன்னரின் படை ஜெயித்துத் திரும்புகிறது என்று சந்தனம் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

பிறகு கல்கத்தாவிலிருந்து மச்சான் கார்டு போட்டார். அக்காவுக்கு நான்தான் படித்தேன். கப்பல் சிங்கப்பூரில் ஒரு பகல் முழுக்க நின்றது, மேல்தட்டிலிருந்து ஊரைப் பார்த்தேன், இப்போது முகாமில் இருக்கிறேன், எப்போது விடுவார்கள் தெரியாது, உடம்பு சுகம். நடுவில் இன்னும் ஓரிரண்டு வரி இருந்தது. அதை அவளுக்குப் படிக்கவில்லை. தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். பதிலையும் நானே எழுதினேன். இங்கு யாவரும் நலம், தங்கள் நலமறிய ஆவல்.

அந்தப் பதில் அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. சில மாதத்தில் சர்க்கார் முத்திரை போட்ட உறை வந்தது. முகாமில் காய்ச்சல் கண்டு மச்சான் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் லயத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டோம். முதலாளியும் வந்தார், கிராணியும் வந்தார். ஒருவர் மாலையை மற்றவர் மாலை மறைக்கக் கூடாது என்று மச்சானின் படம் கிடைக்காததால் வைத்த வெறும் பலகையில் இரண்டு மாலையையும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். அந்நியச் சண்டையின் பலி என்றார் முதலாளி. கடமையில் உயிர்விட்டவர் என்றார் கிராணி. அங்கேயும் குரல் ஏறியது. எனக்கு இரண்டு பேரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளத் தோன்றியது. வழக்கம்போல நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா உள்ளேயிருந்து அந்தக் கார்டை எடுத்துவந்து கிராணியிடம் நீட்டினாள். “ஐயா, சண்ட போடாதீங்க. அவரு கடைசியா எழுதினது. எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிங்க” என்றாள்.

கிராணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிற அதே குரலில் படித்தார். “கப்பல் சிங்கப்பூரில் ஒரு பகல் முழுக்க நின்றது. என்னோடு இருந்த முடிவெட்டுகிற ஆளை இறக்கிவிட்டார்கள். அவன் பெண்சாதி மனுப் போட்டிருந்தாளாம். நீ போடவில்லையா?”

கிராணி நிறுத்திவிட்டார். முதலாளி செருப்பைத் தேட ஆரம்பித்தார். அக்கா அவர்கள் பக்கமே திரும்பவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

“இத நீ எனக்குப் படிக்கலியே தம்பி” என்றாள். “படிச்சிருந்தா போட்டேன்னு ஒரு வரி எழுதச் சொல்லியிருப்பேனேடா. நான் கேக்கவே இல்லன்னு நெனச்சிக்கிட்டே போயிட்டாரேடா.”