லாக் விழாத சீட் பெல்ட்

ஆம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு எங்கள் பழைய காரில் கிளம்பினோம். நான் முன்சீட்டில் பெல்ட்டைச் சொருகினேன். லாக் விழவே இல்லை.

"ஏங்க, இது பூட்டலையே?"

"சும்மா சொருகிக்கோ. போலீஸ் கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்" என்றார் கணவர்.

பள்ளிகொண்டா அருகே முன்னால் போன லாரி திடீரென்று நின்றது. இவர் பிரேக் அடித்ததும் பெல்ட் கழன்று, என் நெற்றி டேஷ்போர்டில் மோதியது. நல்லவேளை, வீக்கத்தோடு தப்பித்தேன்.

மறுநாள் மெக்கானிக் லாக்கைப் பிரித்தார். உள்ளே காய்ந்த ஜூஸ் பிசுக்கு, தலைமுடி, பிரியாணிப் பருக்கை, செத்த கரப்பான்பூச்சி.

"உங்க டிரைவர் சீட் லாக்கை மாத்துனப்பவே இதையும் மாத்தச் சொன்னேனே சார்" என்றார் அவர். கரப்பான்பூச்சியைவிடக் கணவரைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது.

புது லாக் போட்டாயிற்று. இப்போது கார் சாவி என்னிடம்தான். எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பார்த்த பிறகே அவரிடம் கொடுக்கிறேன்.