கம்பியில் நின்ற பல்

முதல் பிரசவத்துக்குப் பிறகு என் கீழ்த்தாடையில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப்பற்கள் போயின. கணவர் பல் டாக்டர். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கியிருந்த எழுபதுகளில், ஸ்டேஷனுக்குப் போகும் சாலையில் கிளினிக் வைத்திருந்தார். டாக்டர் பெண்டாட்டிக்கே பல் இல்லை என்று யாராவது சிரிப்பார்களோ என்று, பேசும்போது அந்தக் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொள்வேன்.

அப்போது மெட்ராஸில் பல் டாக்டர்களுக்காக மூன்று நாள் பயிற்சி வகுப்பு ஒன்று நடந்தது. தாடை எலும்பில் உலோகத் தகடு ஒன்றை இறக்கி அதன்மேல் பல் கட்டுவதை, வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். கற்க வருகிறவர் ஒவ்வொரு வருடமும் ஆளுக்கொரு புது நோயாளியைக் கூட்டி வர வேண்டும். அதே நோயாளியை அடுத்த வருட வகுப்பிலும் கொண்டுவந்து காட்ட வேண்டும். தகடு அசையாமல் நின்றிருந்தால்தான் சான்றிதழ். கணவர் கேட்டுப் பார்த்த யாரும் வரச் சம்மதிக்கவில்லை.

"நீ இருக்கும்போது நான் ஏன் கண்டவங்ககிட்ட கெஞ்சணும்?" என்றார்.

ஐந்து மாதக் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஊசி போட்டதால் வலி தெரியவில்லை. சத்தம்தான் தெரிந்தது. கணவர் சின்னச் சுத்தியலால் தகட்டைத் தட்டத் தட்ட, அது என் காதுக்குள்ளிருந்தே வந்தது. சுற்றி நின்ற டாக்டர்களில் ஒருவர், "பாத்து சார், வீட்டுக்குப் போனா சோறு போடுற கை அது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாயைத் திறந்து வைத்தபடி நானும் சிரிக்கப் பார்த்தேன்.

தகடு வைத்த ஏழாம் மாதம் அதன்மேல் கட்டிய பல் ஆட ஆரம்பித்தது. ஈறிலிருந்து சீழ் வந்தது. பால் குடிக்கும் குழந்தைக்கு அது ஏதாவது செய்யுமோ என்று பயந்தேன். குழந்தை முகத்தோடு முகம் வைத்தால் அது தலையைத் திருப்பிக்கொள்ளும். வாய் நாற்றத்தால்தான் என்று எனக்குத் தெரியும்.

"முறுக்கு கடிச்சியா?" என்றார் கணவர்.

"இல்லைங்க."

"அப்போ குழந்தை தலை இடிச்சிருக்கும். ஜாக்கிரதையா இருக்கத் தெரியாது உனக்கு."

ஒருநாள் குழந்தையின் தலை தாடையில் இடித்தது உண்மைதான். அது பல் ஆட்டம் கண்ட பிறகா, முன்பா என்று பல நாள் யோசித்தேன். என் தவறாகவே இருக்கலாம் என்றுதான் ஒவ்வொரு முறையும் முடித்தேன்.

இரண்டாம் வருட வகுப்புக்கு முந்தின நாள், ஆடுகிற பல்லை முன்னாலிருந்த என் சொந்தப் பல்லோடு மெல்லிய கம்பியால் நாக்குப் பக்கமாகக் கட்டினார். மேலே பல் நிறத்தில் சிமெண்ட் பூசி மறைத்தார். விரலால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கேட்டா வலி இல்லைன்னு சொல்லு. அவ்வளவுதான் உன் வேலை."

அந்த வருடத்துக்குப் புதிய நோயாளியாக, கவரைப்பேட்டையில் மீன் விற்கும் ஒரு அம்மாவைப் பேசி வைத்திருந்தார். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கவரைப்பேட்டையில் ரயில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"டாக்டரு ஆயிரம் சொல்லுவாரு. அவரு வாயா நோவப் போவுது? நீ சொல்லு கண்ணு. எறாவ ஓட்டோட கடிச்சித் துன்னணும் நானு. முடியுமா?"

எதிர் சீட்டிலிருந்து கணவர், "அவளையே கேளுங்க. அவ பொய் சொல்ல மாட்டா" என்றார்.

"அங்க வந்து பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"ஆமா, உன் வாயப் பாத்துட்டுதான் என் வாயத் தொறப்பேன்" என்று சிரித்தார்.

பேராசிரியர் என் பல்லை இரு விரலால் பிடித்து அசைத்தார். கம்பி இழுத்து ஈறு முழுவதும் துடித்தது. பிறகு, வலி உண்டா, சீழ் வந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பி.யூ.சி. படித்தவள். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. உண்டு என்றால் அந்த அம்மா எழுந்து போய்விடுவார், கணவருக்குச் சான்றிதழ் இல்லை. கணவர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோ, டாக்டர்" என்றேன்.

அடுத்த நாற்காலியிலிருந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னா கேட்டாரு?"

"வலி இருக்கான்னு."

"நீ இன்னா சொன்ன?"

"இல்லைன்னு."

"சரி, அப்போ என் கையப் புட்ச்சிக்கோ" என்று சாய்ந்து வாயைத் திறந்தார்.

பிடித்துக்கொண்டேன். வெளியிலிருந்து கேட்டால் அந்தச் சுத்தியல் சத்தம் மிகச் சின்னது.

சான்றிதழைச் சட்டம் போட்டு கிளினிக்கில் மாட்டினார். மறுவாரம் என் தகட்டைப் பிடுங்கினார். கம்பி கட்டியிருந்த நல்ல பல்லும் கூடவே வந்தது.

நான்கு மாதம் கழித்து அந்த அம்மா கூடையோடு எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். கன்னம் குழிந்திருந்தது. பேசும்போது உதடு ஒரு பக்கம் இழுத்தது. அவருடைய தகட்டையும் கணவர் கிளினிக்கில் எடுத்துவிட்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஓட்டோட எறா துன்னியான்னு கேக்குறாரு உன் ஊட்டுக்காரு. கஞ்சியே எறங்கல எனக்கு" என்றார். பிறகு, "உன் வாயத் தொற" என்றார்.

திறந்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"எப்ப எடுத்தாரு?"

"அந்த வகுப்பு முடிஞ்ச மறுவாரம்."

"அப்போ எனக்கு அடிக்கிறப்பவே உனக்கு ஆடிக்கினு இருந்துச்சு." கேள்வியாக அவர் அதைக் கேட்கவில்லை. "கைய வேற புட்ச்சிக்கினு இருந்த."

கூடையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

"யாரு பின்னால?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார்.

"மீன் விக்கிறவங்க. வேணாம்னு அனுப்பிட்டேன்" என்றேன்.